போனுக்குள் ஒரு அக்கா

கிருஷ்ணகிரி,
9.2.2025

அன்புள்ள அனுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். என் மாமியாருக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளை பிரேம்குமாரும் எப்படி இருக்கிறீர்கள்? உனக்கு உதிரப்போக்கு கொஞ்சமாவது குறைந்ததா?

ஒரு மணி நேரம் பஸ் ஏறினால் ஓசூர், கையில் போனும் இருக்கிறது, பிறகு எதற்கு இந்த அக்கா தபால் கவரை ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பாய். மறைக்காமல் சொல்கிறேன். உன் போனுக்குள் வேறு ஒருத்தி குடியிருக்கிறாள். போன வாரம் நான் பேசும்போதே பின்னால் அவள் குரல் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதற்கு 'ம்' என்றாய், அவள் சொன்னதற்குச் சிரித்தாய். அவள் இருக்கிற இடத்துக்கு இனி நான் வரமாட்டேன். கடிதம் படிக்கிற நேரமாவது அவளைக் கீழே வைத்துத்தானே ஆக வேண்டும்.

கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, வளர்கிறது, இப்போதே கட்டியை மட்டும் எடுத்துவிட்டால் பை தப்பிக்கும், குழந்தைக்கும் வழி உண்டு என்று டாக்டரம்மா சொன்னபோது பக்கத்து நாற்காலியில் நான்தான் இருந்தேன். ஏப்ரலில் ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார். வெளியே வந்ததும், லீவு போட்டுவிட்டு வந்து உன்னோடு இருக்கிறேன் என்றேன். நீ என்ன சொன்னாய்? "சைத்ரா அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்க்கா."

எந்த வயிற்றில் பிறந்த அக்கா அவள்? நீ பெரியவளானபோது அம்மாவிடம்கூடச் சொல்லாமல், பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு யாரிடம் ஓடிவந்தாய்? அன்றிலிருந்து உன் உடம்பில் எது நடந்தாலும் முதலில் தெரிவது எனக்குத்தான். இப்போது ஊருக்கெல்லாம் அக்காவாக இருக்கிற ஒருத்திக்கு என்னைவிட முன்னால் தெரிகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

பதில் போடு. தபாலில்தான்.

உன் அக்கா,
பொற்கொடி


ஓசூர்,
23.2.2025

அன்புள்ள பொற்கொடி அக்காவுக்கு,

அனு எழுதுவது. இங்கே சுகம். அங்கே அத்தை, மாமா எல்லோரையும் கேட்டதாகச் சொல். மாத்திரையில் உதிரப்போக்கு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நீ போனை எடுக்காததால் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இன்றுதான் பேனா பிடித்து இவ்வளவு எழுதுகிறேன், கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே.

சைத்ரா அக்கா யாரோ இல்லை. பார்டர் தாண்டினதும் அத்திப்பள்ளியில் இருக்கிறார். நர்ஸாக வேலை பார்த்தவர். கன்னடக்காரர், ஆனால் நமக்காகத் தமிழைக் கலந்து பேசுவார். எல்லோரையும் செல்லமாகச் 'சின்னா' என்பார். கம்பெனியில் எங்கள் லைனில் நின்று வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேரும் அவரைப் பார்க்கிறோம். கேன்டீனில் ஒருத்தி தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்தால் மற்றவர்கள் கழுத்தை நீட்டுவோம். எங்கள் சுவேதா அவர் சொன்ன சாப்பாட்டு முறையில்தான் உண்டானாள்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வெளியே இன்னும் முப்பது பேர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பயம் அக்கா. பெரியம்மாவுக்குக் கட்டியை எடுக்கிறோம் என்று உள்ளே கூட்டிப்போய்ப் பையையே எடுத்துவிட்டார்களே. எனக்கும் அப்படி ஆனால்? கல்யாணமாகி நான்கு வருஷம். மாமியார் வீட்டிலிருந்து பேசும்போதெல்லாம் 'விசேஷம் உண்டா' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

உன்னிடம் பயம் என்று சொன்னால் திட்டுவாய். சைத்ரா அக்கா திட்டுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்புடன்,
அனுப்ரியா


கிருஷ்ணகிரி,
2.3.2025

அன்புள்ள அனுவுக்கு,

எல்லோரும் நலம். உன் நலத்தை எழுதியதில் சந்தோஷம். ஆனால் நான் எப்போதிலிருந்து 'பொற்கொடி அக்கா' ஆனேன்? முப்பது வருஷமாக வெறும் அக்கா. இரண்டு பேர் இருந்தால்தான் பெயர் வைத்துப் பிரிக்க வேண்டும். ரேஷன் கடையில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

உன் சைத்ராவை நானும் பார்த்தேன். அதற்காகவே உன் மாமா போனில் ஒரு கணக்குத் தொடங்கினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு வாரம் பார்த்தேன். அந்தச் சமையலறை அவளுடையது இல்லை, எண்ணெய்ப் பிசுக்கே இல்லாத அடுப்பில் எவள் சமைப்பாள்? ஜிமிக்கி ஒவ்வொரு நாளும் ஒன்று. பேசும்போது தலையைச் சாய்க்கிறாள் பார், அது கண்ணாடி முன்னால் பழகியது. உளுந்தும் எள்ளும் சாப்பிடு என்கிறாள். இதை நான் சொன்னபோது 'போக்கா' என்றாய்.

வீட்டிலும் எனக்கு ஆதரவு இல்லை. மாமியார் அவள் கன்னடம் காதில் விழுந்ததும் எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டார். பிறந்த வீட்டுப் பாஷை, விடுவாரா. "எஷ்டு சென்னாகி மாத்தாடுத்தாளே" என்று மூக்கில் விரல் வைக்கிறார். இத்தனை வருஷத்தில் நான் பேசினது நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை.

திட்டமாட்டேன், வந்து பயத்தைச் சொல். ஆனால் ஏப்ரல் தேதியை விட்டுவிடாதே.

உன் அக்கா (பெயர் வேண்டாம்)


ஓசூர்,
30.3.2025

அன்புள்ள பொற்கொடி அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்து என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பெயரைப் போடாவிட்டால் எனக்கே குழப்பம் வருகிறது, கோபித்துக்கொள்ளாதே.

ஒரு நல்ல செய்தி. சைத்ரா அக்கா எனக்குப் பதில் எழுதினார். ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், எனக்குப் பதில் வந்தது. கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தேன். அது நல்லதுதான், பயம் வேண்டாம், ஆபரேஷன் எதற்கு என்று கேட்டிருக்கிறார். கன்னடத்தில்தான், ஆனால் எனக்கு அந்த அளவு புரியும். கம்பெனியில் பாதிப் பேர் கன்னடம்தானே. சில கட்டிகள் உடம்புக்கு நல்லது போலிருக்கிறது. படித்ததும் பாத்ரூமில் போய் அழுதேன், சந்தோஷத்தில்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஏப்ரல் தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாத்திரையையும் நிறுத்திவிட்டேன், அது வயிற்றைப் புரட்டுகிறது.

நல்லவர்களுக்கும் எதிரி இருக்கிறார்கள் அக்கா. செந்தூரா என்று யாரோ ஒருத்தி அவர் வீடியோ ஒவ்வொன்றுக்கும் கீழே 'அடுப்பு யாருடையது, ஜிமிக்கி வாடகையா' என்று கேவலமாக எழுதிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு வயிற்றெரிச்சல் பார். கடைசியில் சைத்ரா அக்கா அவளைப் பிளாக் செய்துவிட்டார். எங்கள் லைனில் எல்லோரும் கைதட்டினோம்.

அன்புடன்,
அனுப்ரியா


கிருஷ்ணகிரி,
4.4.2025

அனு,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. உடனே மாத்திரையைப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி தேதி வாங்கு.

மாமியார் போனை வாங்கி உன் கேள்வியைத் தேடிப் பிடித்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் காந்திக்குக் கே போட்டு அடி வாங்கினவள், கட்டிக்கு ஜி போட்டிருக்கிறாய். அவள் அதைத் தன் பாஷையில் படித்திருக்கிறாள். கன்னடத்தில் அந்தச் சொல்லுக்கு உறுதி என்று அர்த்தம், நாம் கெட்டி என்கிறோமே அது. கர்ப்பப்பை உறுதியாக இருக்கிறதாக டாக்டர் சொன்னார் என்று நினைத்துக்கொண்டு, 'கட்டி இத்ரே தும்பா ஒள்ளேது சின்னா, பய பேடா, ஆபரேஷன் யாக்கே' என்று எழுதிவிட்டாள். உறுதியாக இருந்தால் ரொம்ப நல்லது, பயம் எதற்கு என்கிறாள். உன் கட்டியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நம் கட்டிக்கு அவர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து "கட்டியாகி மாத்தாடு" என்று மாமியார் என் உயிரை எடுக்கிறார். வாய்க்குள் முனகாதே, உறுதியாகப் பேசு என்று அர்த்தம். இப்போது உறுதியாகப் பேசுகிறேன். நீ அரைகுறைக் கன்னடத்தை வைத்துக்கொண்டு உன் வயிற்றோடு விளையாடுகிறாய்.

உடனே பதில் போடு.

அக்கா


ஓசூர்,
27.4.2025

பொற்கொடி அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா?

பதில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே இத்தனை நாள் போய்விட்டது. முதலில் அவருடைய அடுப்பு பொய் என்றாய். பிறகு ஜிமிக்கி பொய். பிறகு தலையைச் சாய்ப்பது பொய். இப்போது அவருடைய பாஷையே தப்பு என்கிறாய். நர்ஸாக இருந்தவருக்குக் கட்டி தெரியாதா? இந்தப் பக்கம் இருக்கிற எல்லோரோடும் பேசுகிறவருக்கு நான் சொன்னது மட்டும் புரியாமல் போயிற்றா?

எனக்கு யாரோ ஆறுதல் சொன்னார்கள். அது உன்னால் தாங்க முடியவில்லை. பொறாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம் அக்கா. வெயில் அதிகம், உடம்பு அசதியாக இருக்கிறது. போன வாரம் லைனில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. சூப்பர்வைசர் மோர் வாங்கிக் கொடுத்தார். வெயில்தான், வேறு ஒன்றும் இல்லை.

அனுப்ரியா


கிருஷ்ணகிரி,
12.5.2025

மதிப்புக்குரிய சைத்ரா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை. என் மனதில் இத்தனை மாதமாக அப்படி ஒரு நினைப்பு இல்லை, இன்று எழுதுகிறேன்.

எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. உங்கள் பக்கத்தில் போட்டிருந்த அத்திப்பள்ளி விலாசத்துக்குத் தமிழில் அனுப்புகிறேன். ஓசூரிலிருந்து உங்களிடம் வேலைக்கு வருகிற பிள்ளை யாராவது படித்துக்காட்டட்டும். போனில் அனுப்ப முடியாது. நீங்கள் பிளாக் செய்த செந்தூரா நான்தான்.

என் தங்கை அனுப்ரியா மார்ச் மாதம் உங்களிடம் கர்ப்பப்பையில் கட்டி என்று எழுதினாள். உறுதி என்று நினைத்து நல்லது என்றீர்கள். தமிழில் கட்டி என்றால் அது இல்லை அம்மா. வெல்லக்கட்டி, மண்ணாங்கட்டி என்கிறோமே, அப்படித் திரண்டு நிற்பது. உருண்டையாக ஒன்று அவள் பைக்குள் வளர்கிறது. உங்கள் ஒரு வரியை நம்பி ஆபரேஷனை நிறுத்திவிட்டாள், மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

நேற்று ஓசூர் போனேன். தூங்குகிறாள் என்று கதவை என் மூஞ்சிக்கு நேரே சாத்தாத குறையாகச் சொன்னாள், அவளுக்குத் துணையாக வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி. தெருமுனை வரை பின்னால் ஓடிவந்தார் அவள் புருஷன். சாத்தூர்ப் பக்கத்துப் பையன், அதிகம் பேசமாட்டார். "மதினி, அவ சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கா. முந்தாநாளு கம்பெனியிலயே மயங்கி விழுந்துட்டா. ஒடம்புல ரத்தமே இல்ல மதினி" என்று நடுத்தெருவில் அழுதார்.

உங்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒளிக்காமல் சொல்கிறேன், பொறாமைதான். என் தங்கை என்னிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்டாள், என்னிடம் அழ வேண்டியதை உங்கள் முன்னால் அழுதாள். நான் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் வயிற்றெரிச்சலில் சொன்னேன், அதனால் அவள் காதில் ஏறவில்லை. நீங்கள் சொன்னது தப்பு, சின்னா என்று சொன்னீர்கள், ஏறிவிட்டது.

அதனால் கேட்கிறேன். நீங்களே அவளிடம் சொல்லுங்கள். உங்கள் குரலில் சொல்லுங்கள். நான் எழுதினேன் என்று தெரியவே வேண்டாம், தெரிந்தால் அதையும் தள்ளிவிடுவாள். பழைய கேள்விகளைப் புரட்டும்போது நீங்களாகவே கண்டுபிடித்ததாக இருக்கட்டும். பெயர் உங்களுக்கே போகட்டும். எனக்கு அவள் வேண்டும்.

இப்படிக்கு,
பொற்கொடி


ஓசூர்,
15.6.2025

அன்புள்ள பொற்கொடி அக்காவுக்கு,

நலமா? மாமா, அத்தை நலமா? உங்கள் மாம்பழக்கூழ் பேக்டரியில் இது சீசன், உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்று தெரியும்.

உட்கார்ந்து எழுத முடிகிறது என்பதால் எழுதுகிறேன். எனக்கு ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள் ஆகிறது. கட்டியை மட்டும் எடுத்தார்கள், பை இருக்கிறது. முதலில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பையைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டரம்மா. இந்த முறை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். ஆறு மாதம் போகட்டும், பிறகு குழந்தைக்குப் பார்க்கலாம் என்றார்.

நீ கன்னடம் பற்றிச் சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்படித் தெரிந்தது தெரியுமா? ஒரு நாள் சைத்ரா அக்காவே எனக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பினார். பழைய கேள்விகளைப் புரட்டிக்கொண்டிருந்தாராம், என்னுடையது கண்ணில் பட்டதாம், தப்பாகப் புரிந்துகொண்டோமே என்று உறுத்தியதாம். ஒரு உதாரணம் வேறு சொல்லி விளக்கினார், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ சின்னா, போகாவிட்டால் நானே வந்து இழுத்துக்கொண்டு போவேன் என்றார். சொல்லும்போது அவரும் அழுதார்.

நீ சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றுதான். நீ கோபத்தில் சொன்னாய். அவரோ ஆயிரம் பேருக்கு நடுவில் என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னார். யார் அக்கா இந்தக் காலத்தில் இப்படிச் செய்வார்கள்? தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

சாத்தூரிலிருந்து மாமியார் வந்து கூட இருந்தார். உன்னைக் கூப்பிட நினைத்தேன். நான் எழுதின கடைசிக் கடிதத்துக்குப் பிறகு எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
அனுப்ரியா


கிருஷ்ணகிரி,
22.6.2025

அன்புள்ள அனுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமாகிவிட்டாய் என்று படித்ததும் கடிதத்தை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கண் ஏன் சிவந்திருக்கிறது என்றார். மாங்காய்ப் பால் பட்டுவிட்டது என்றேன்.

ஆனால் கோபமும் இருக்கிறது. ரத்தம் ஏற்றும்போது உன் பக்கத்தில் சாத்தூர்க்காரி உட்கார்ந்திருந்தாள், நான் இல்லை. கத்தி வைத்தது எனக்குப் பதினைந்து நாள் கழித்துத் தெரிகிறது, அந்தச் சைத்ராவுக்கு அன்றே தெரிந்திருக்கும். திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. எனக்கு இன்னும் பொறாமைதான். யாரையாவது அக்கா என்று நீ கூப்பிட்டால் இன்னும் பொசுக்கென்று இருக்கிறது.

விளக்கு வைக்கிறாயாம் அவளுக்கு. நன்றாக வை, எண்ணெய் கம்மியாக ஊற்றாதே. கட்டிக்கும் கெட்டிக்கும் வித்தியாசம் தெரிய அவளுக்கு ஒரு வெல்லக்கட்டி தேவைப்பட்டது, அவளுக்கு விளக்கு. மாமியாரிடம் திட்டு வாங்கியே தெரிந்துகொண்டவளுக்கு ஒரு போன்கூட இல்லை. போகட்டும். அவள் சொன்னதும் போனாயே, அதற்காக அவளும் நன்றாக இருக்கட்டும். இதை எழுதி முடிக்க எனக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் ஆயிற்று.

உன் மாமா லோடு வண்டியில் ஒரு பெட்டி பழம் கொடுத்தனுப்புகிறேன். உனக்குப் பிடித்த செந்தூரா மாம்பழம். கனமாக எதையும் தூக்காதே, பெட்டியை மாப்பிள்ளை இறக்கட்டும். ரத்தம் ஊற முருங்கைக் கீரை சாப்பிடு. அவளும் இதையே சொல்லியிருப்பாள், இருந்தாலும் நான் சொன்னதாக வைத்துச் சாப்பிடு.

உன் அக்கா


ஓசூர்,
6.7.2025

அக்கா,

நலம். பெட்டியை அவர்தான் இறக்கினார். பழம் நன்றாகப் பழுத்திருந்தது. பெட்டியின் மேல் செந்தூரா என்று நீ கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தையல் பிரித்துவிட்டார்கள். பஸ்ஸில் உட்காரலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நாலு நாள் இருப்பேன். திட்டுவதெல்லாம் சேர்த்து வை.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பிறகு என்னுடையதில் என்ன எழுதினேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரரிடமும் கேட்டேன், தபாலில் போடுமுன் அவர்தான் படித்தார். ஒரு உதாரணம் என்றுதான் எழுதினேன் அக்கா. வெல்லக்கட்டி என்று நான் எழுதவே இல்லை.

அனு